விண்டோஸ் 11: ஹோம் போதுமா, ப்ரோ வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது லேப்டாப் வாங்கப் போகிறவர்கள், பழையதை ஃபார்மட் செய்யக் கொடுக்கிறவர்கள், நாலைந்து கம்ப்யூட்டர் வைத்து அலுவலகம் நடத்துகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. கடைக்காரர் ஒன்று சொல்வார், நண்பர் இன்னொன்று சொல்வார். பெரும்பாலான வீடுகளுக்கு ஹோம் எடிஷனே தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. ப்ரோ யாருக்கு உண்மையிலேயே வேண்டும், எதற்காக வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

என் கம்ப்யூட்டரில் இருப்பது எந்த எடிஷன்? எங்கே பார்ப்பது?

செட்டிங்ஸைத் திறந்து சிஸ்டம் பகுதிக்குள் போய், கடைசியில் இருக்கும் அபவுட்டை அழுத்துங்கள். அங்கே எடிஷன் என்ற வரியில் விண்டோஸ் 11 ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், ப்ரோ என்று ஏதாவது ஒன்று இருக்கும். அதற்குக் கீழே வெர்ஷன் என்ற வரியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதே சிஸ்டம் பகுதியில் ஆக்டிவேஷன் என்று ஒன்று இருக்கிறது. அங்கே ஆக்டிவ் என்று காட்டுகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். பின்னால் வரும் சில பதில்களுக்கு இது தேவைப்படும்.

எடிஷனும் வெர்ஷனும் ஒன்றுதானே?

இல்லை. ஹோம், ப்ரோ, எஜுகேஷன், எண்டர்பிரைஸ் என்பவை எடிஷன்கள். உங்கள் லைசென்ஸ் எதற்கு என்பதைச் சொல்பவை. 23எச்2, 24எச்2, 25எச்2 என்பவை வெர்ஷன்கள். எந்த ஆண்டில், ஆண்டின் எந்தப் பாதியில் வந்தது என்பதைச் சொல்பவை. 24எச்2 என்றால் 2024-இன் இரண்டாம் பாதி. வெர்ஷன் மாறுவதற்குக் காசு கிடையாது, அப்டேட்டில் தானாக வரும். எடிஷன் மாற வேண்டுமென்றால்தான் காசு.

பாதுகாப்புக்கு முக்கியம் வெர்ஷன்தான். ஹோம், ப்ரோ இரண்டிலும் ஒரு வெர்ஷனுக்கு 24 மாதம் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். எண்டர்பிரைஸ், எஜுகேஷன் எடிஷன்களுக்கு 36 மாதம். பழைய வெர்ஷனில் தேங்கிப்போன ப்ரோவைவிட அப்டேட் ஆன ஹோம் எவ்வளவோ பாதுகாப்பானது.

ப்ரோ போட்டால் கம்ப்யூட்டர் வேகமாக ஓடுமா? கேம்ஸ் நன்றாக வருமா?

ஓடாது, வராது. இரண்டிலும் உள்ளே இருப்பது ஒரே கெர்னல் (விண்டோஸின் மைய நிரல்), ஒரே டிரைவர்கள், கேம்ஸ் ஓட உதவும் ஒரே டைரக்ட்எக்ஸ். வைரஸைத் தடுக்கும் டிஃபெண்டர், ஃபயர்வால், முகமோ கைரேகையோ காட்டி நுழையும் விண்டோஸ் ஹலோ எல்லாமே இரண்டிலும் ஒன்றுதான். ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வரும் பாதுகாப்பு அப்டேட்டும் இரண்டுக்கும் ஒரே நாளில் வருகிறது.

அளவு வரம்பில் வித்தியாசம் உண்டு. ஹோம் 128 ஜிபி ரேம் வரைக்கும், ஒரு பிராசஸர் சாக்கெட்டுக்கும். ப்ரோ 2 டிபி ரேம் வரைக்கும், இரண்டு சாக்கெட்டுக்கும். கடைகளில் விற்கும் லேப்டாப்களில் இருப்பது 8, 16 ஜிபி. ரொம்பப் போனால் 32. ஆக, இந்த வரம்பு உங்களைத் தொடப் போவதில்லை. மதர்போர்டில் இரண்டு பிராசஸர் வைத்து வீடியோ ரெண்டரிங்கோ சிமுலேஷனோ செய்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு. அதையும் தாண்டி நான்கு சாக்கெட், 6 டிபி ரேம் வேண்டும் என்பவர்களுக்காக ப்ரோ ஃபார் வொர்க்ஸ்டேஷன்ஸ் என்று தனியாக ஓர் எடிஷன் இருக்கிறது.

லேப்டாப் மெதுவாக இருக்கிறதென்றால் ப்ரோவுக்குக் கொடுக்கும் காசில் எஸ்எஸ்டி போடுங்கள், இல்லை ரேம் ஏற்றுங்கள். பலன் அன்றைக்கே தெரியும்.

அப்படியானால் ப்ரோவில் மட்டும் என்னதான் இருக்கிறது?

இந்தக் கம்ப்யூட்டருக்குள் வேறு இடத்திலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழையும் வசதி, டிஸ்க்கில் இருப்பதை என்கிரிப்ட் செய்து பூட்டும் பிட்லாக்கரை முழுக் கட்டுப்பாட்டோடு பயன்படுத்தும் வசதி, குரூப் பாலிசி எடிட்டர், நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களையும் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைனிலோ மைக்ரோசாஃப்ட் எண்ட்ராவிலோ சேரும் வசதி, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் ஹைப்பர்-வி, சாண்ட்பாக்ஸ், ஒரே ஆப் மட்டும் தெரியும்படி பூட்டிவைக்கும் கியோஸ்க் முறை. முக்கியமானவை இவ்வளவுதான்.

இதில் எதுவும் உங்களுக்குப் பரிச்சயம் இல்லையென்றால் உங்களுக்கு ஹோம் போதும். ஆனால் முதல் மூன்றையும் சரியாகப் புரிந்துகொள்ளாமல் ப்ரோ வாங்கிவிட்டு, நினைத்தது நடக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அதனால் அவற்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டிலிருந்து அலுவலகக் கம்ப்யூட்டரை இயக்க ப்ரோ கட்டாயமா?

மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக என்றால், எந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழையப் போகிறீர்களோ அதில் ப்ரோ இருக்க வேண்டும். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரில் ஹோம் இருந்தாலே போதும். அங்கிருந்து இன்னொன்றுக்குள் போக ஹோமில் தடை இல்லை. வீட்டு லேப்டாப்புக்கும் அலுவலகக் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து இரண்டு ப்ரோ வாங்கத் தேவையில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று: ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். அலுவலகக் கம்ப்யூட்டரில் கணக்காளர் டாலியில் பில் போட்டுக்கொண்டிருக்கிறார். அதே நேரத்தில் முதலாளி வீட்டிலிருந்து ரிமோட்டில் நுழைகிறார். அந்தக் கணமே கணக்காளரின் திரை பூட்டுத்திரைக்குப் போய்விடும். அவர் மறுபடி கடவுச்சொல் போட்டு உள்ளே வந்தால் முதலாளியின் இணைப்பு அறுந்துவிடும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டுமென்றால் விண்டோஸ் சர்வரும், ஆளுக்கொரு ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸும் வேண்டும். ப்ரோவிலேயே பல பேர் நுழைய வைக்கிறேன் என்று சிலர் ஒரு சின்ன மென்பொருளைப் போட்டுக் கொடுப்பார்கள். அது லைசென்ஸ் விதிக்கு எதிரானது. அதோடு, விண்டோஸ் அப்டேட் வரும்போது வேலை செய்யாமலும் போகும்; அது ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாளில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

தயவுசெய்து கவனிக்க வேண்டிய ஒன்று: ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை (ரிமோட் டெஸ்க்டாப்புக்கான இணைப்பு வாசலை) திறந்துவிட்டு ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்தில் வைக்காதீர்கள். அந்தப் போர்ட் எங்கே திறந்திருக்கிறது என்று இணையம் முழுக்கத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. கிடைத்தால் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும். ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வரும் பெரிய வாசல்களில் இது ஒன்று. 2019-இல் வெளிவந்த ப்ளூகீப் என்ற ஓட்டைக்குக் கடவுச்சொல்கூடத் தேவைப்படவில்லை. அது விண்டோஸ் 7, எக்ஸ்பி போன்ற பழையவற்றைத் தாக்கியது. விபிஎன் என்ற பாதுகாப்பான தனி இணைப்பு வழியாக மட்டும் நுழையும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

எப்போதாவது ஒரு ஃபைலை எடுக்க, அப்பாவின் கம்ப்யூட்டரைச் சரிசெய்துகொடுக்க என்றால் எனிடெஸ்க், ரஸ்ட்டெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் மூன்றுமே ஹோமில் நன்றாக வேலை செய்கின்றன. இதற்காக ப்ரோ வாங்க வேண்டாம்.

ஹோமில் டிஸ்க் என்கிரிப்ஷன் கிடையாது என்கிறார்களே?

இது பழைய தகவல். ஹோமிலும் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற பெயரில் அதே பிட்லாக்கர் தொழில்நுட்பம் இருக்கிறது. 24எச்2 வெர்ஷனிலிருந்து அதற்கான வன்பொருள் நிபந்தனைகளையும் தளர்த்திவிட்டார்கள். புது லேப்டாப்பிலோ புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டரிலோ மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், அது தானாகவே ஆனாகிவிடும். அப்படி ஆனானது பல பேருக்குத் தெரியவே தெரியாது.

இதனால் வரும் தொல்லையைச் சொல்லியே ஆக வேண்டும். மதர்போர்டை மாற்றினாலோ, பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கி வைக்கும் நிரல்) அப்டேட் செய்தாலோ, அதில் இருக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை மாற்றினாலோ, அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத் திரை ஒன்று வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் போட்டோக்கள், வேலைக் கோப்புகள் எதையும் மீட்க வழியில்லை. சர்வீஸ் சென்டராலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. ஆகவே இதைப் படிக்கும்போதே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, டிவைசஸ் பக்கத்தில் உங்கள் கம்ப்யூட்டருக்கு நேராக ரெக்கவரி கீ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். லேப்டாப்பை வேறு யாராவது அமைத்துக் கொடுத்திருந்தால் கீ அவர்களுடைய கணக்கில் கிடக்கக்கூடும்; அதையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சரி, ப்ரோவில் கூடுதலாக என்ன கிடைக்கிறது? எந்த டிரைவை என்கிரிப்ட் செய்வது, ஆன் செய்யும்போது பின் நம்பர் கேட்க வேண்டுமா, கீயை எங்கே சேமிப்பது என்று எல்லாவற்றையும் நீங்களே முடிவு செய்யலாம். பென் டிரைவ்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்குகளையும் பூட்டலாம். ஹோமில் அப்படிப் பூட்டிய பென் டிரைவைக் கடவுச்சொல் போட்டுத் திறக்க முடியும், புதிதாகப் பூட்ட முடியாது. கட்சிக்காரர்களின் ஆவணங்களைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லும் வக்கீல்கள், ஆடிட்டர்கள், நோயாளிகளின் விவரங்களை வைத்திருக்கும் டாக்டர்கள் ஆகியோருக்கு இந்த ஒரு காரணமே ப்ரோ வாங்கப் போதுமானது.

குரூப் பாலிசி என்பது என்ன? ஹோமில் அதைக் கொண்டுவர முடியும் என்கிறார்களே?

விண்டோஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஆயிரக்கணக்கான விதிகளை ஒரே இடத்தில் அமைக்கும் கருவி. உதாரணமாக, அலுவலகக் கம்ப்யூட்டர்களில் யாரும் பென் டிரைவ் செருகித் தரவை எடுத்துப் போகக் கூடாது என்றால் ப்ரோவில் ஒரு விதியை ஆன் செய்தால் முடிந்தது. புதிய வெர்ஷன் அப்டேட்டை 365 நாள் வரை தள்ளிப் போடுவதும் இதன் வழியாக முடியும்.

ஹோமில் அந்த எடிட்டரைத் திறக்க வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட்கள் சுற்றுகின்றன. எடிட்டர் திறக்கும், உண்மைதான். ஆனால் அதில் அமைக்கும் விதிகளில் பலவற்றை ஹோம் கண்டுகொள்வதே இல்லை. ஆன் ஆகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். நடப்பில் ஒன்றும் மாறியிருக்காது. பாதுகாப்பு விஷயத்தில் அப்படி ஒரு நம்பிக்கை ஆபத்தானது.

அப்டேட் தொந்தரவு மட்டும்தான் பிரச்சினை என்றால், ஹோமிலேயே ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கலாம். வேலை நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகாமலிருக்க ஆக்டிவ் அவர்ஸையும் குறித்து வைக்கலாம்.

நான் கம்ப்யூட்டர் சயன்ஸ் மாணவர். லினக்ஸ், டாக்கர் எல்லாம் ஓட்ட ப்ரோ வேண்டாமா?

வேண்டாம். லினக்ஸைத் தனியாகப் போடாமல் விண்டோஸுக்குள்ளேயே ஓட்ட உதவும் டபிள்யூஎஸ்எல் 2 ஹோமிலும் இருக்கிறது. டாக்கர் டெஸ்க்டாப் அதன்மேல் ஓடும். விர்ச்சுவல் மெஷின் வேண்டுமென்றால் விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது, இலவசம். ப்ரோவில் மட்டும் இருப்பது ஹைப்பர்-வியின் முழு மேலாண்மைக் கருவியும் சாண்ட்பாக்ஸும்.

சாண்ட்பாக்ஸ் அருமையான வசதி. சந்தேகமான ஃபைல் ஒன்று வந்தால், சில நொடிகளில் திறக்கும் ஒரு தற்காலிக விண்டோஸுக்குள் அதை ஓட்டிப் பார்க்கலாம். ஜன்னலை மூடினால் எல்லாம் அழிந்துவிடும். ஆனால் இதற்காக மட்டும் காசு கொடுக்கலாமா என்றால், படிக்கிற பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ மைக்ரோசாஃப்டுடன் ஒப்பந்தம் வைத்திருந்தால் எஜுகேஷன் எடிஷன் மாணவர்களுக்கு இலவசமாகவே கிடைக்கக்கூடும்; அதில் ப்ரோவில் இருப்பதெல்லாம் இருக்கிறது, எண்டர்பிரைஸில் இருப்பதில் பெரும்பகுதியும் இருக்கிறது. முதலில் உங்கள் துறையில் கேட்டுப் பாருங்கள்.

என் லேப்டாப்பில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் என்று இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை, கவலை வேண்டாம். இந்தியாவில் விற்கும் லேப்டாப்கள் பலவற்றில் இதுதான் வரும். ஹோமில் இருக்கும் எல்லா வசதியும் இதில் இருக்கிறது. ஒரே வித்தியாசம், மெனு, செட்டிங்ஸ் எல்லாம் தெரியும் காட்சி மொழியாக ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். வேறு மொழிக்கு இஷ்டம்போல் மாற்றிக்கொள்ள முடியாது. வீட்டில் ஒருவருக்கு ஆங்கிலத்திலும் இன்னொருவருக்கு பிரெஞ்சிலும் விண்டோஸ் தெரிய வேண்டும் என்றால் சாதாரண ஹோமோ ப்ரோவோ தேவைப்படும். மற்றபடி வாழ்நாள் முழுக்க இதன் வரம்பு உங்கள் கண்ணில் படாமலே போகலாம்.

சிங்கிள் லாங்குவேஜில் தமிழ் தட்டச்சு செய்ய முடியுமா?

தாராளமாக. காட்சி மொழி வேறு, தட்டச்சு வேறு. தமிழ்99 விசைப்பலகையும் அஞ்சல் விசைப்பலகையும் 2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்தே எல்லா எடிஷனிலும் உள்ளேயே இருக்கின்றன. அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும் ஃபொனெட்டிக் முறையும் உண்டு. எழுத்துருவும் அப்படித்தான்: விண்டோஸ் 2000 காலத்தில் வந்த லதாவுக்குப் பிறகு, விண்டோஸ் 8-இலிருந்து நிர்மலா யுஐ கூடவே வருகிறது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதற்குள் விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும். தமிழ் அடிப்பதற்கு ப்ரோ வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஃபார்மட் செய்யக் கொடுத்தேன். ஹோமாக இருந்தது ப்ரோவாகத் திரும்பி வந்திருக்கிறது. லாபம்தானே?

லாபம் இல்லை, நஷ்டம். நம் ஊரில் இது நிறைய நடக்கிறது. காசு கொடுத்து வாங்கிய ஒன்றை மக்கள் தங்களுக்கே தெரியாமல் இழக்கிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து, விண்டோஸோடு வரும் லேப்டாப்களில் அதன் லைசென்ஸ் கீ மதர்போர்டில் பதிந்திருக்கும் நிரலான ஃபர்ம்வேருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அடியில் ஸ்டிக்கர் இருக்காது, பெட்டியில் சீட்டு இருக்காது. லேப்டாப் வாங்கும்போது அதற்கான காசை நீங்கள் கொடுத்துவிட்டீர்கள். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கிய விண்டோஸ் 11-ஐ மறுபடி போட்டால், அந்த இன்ஸ்டாலர் ஃபர்ம்வேரைப் படித்து, இது ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் லேப்டாப் என்று தானே கண்டுபிடித்து, கேள்வி கேட்காமல் அதையே போடும். இணையத்தில் இணைந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரு பைசா செலவில்லை.

ஆனால் கடையில் பல நேரம் என்ன நடக்கிறது? எல்லா வாடிக்கையாளருக்கும் போடும் அதே பென் டிரைவைச் செருகி ப்ரோவைப் போடுகிறார்கள். லேப்டாப்பில் இருப்பது ஹோமுக்கான கீ. அது ப்ரோவை ஆக்டிவேட் செய்யாது. உடனே ஆக்டிவேட்டர் என்ற மென்பொருளை ஓட்டுகிறார்கள். அதை ஓட்டுவதற்கு டிஃபெண்டரை அணைக்க வேண்டியிருக்கும், சில நேரம் அணைத்தபடியே விட்டும் விடுகிறார்கள். இப்போது உங்களிடம் இருப்பது திருட்டு ப்ரோ, அதோடு பாதுகாப்பும் போயிற்று. அந்த ஆக்டிவேட்டர் உள்ளே வேறு என்ன வைத்துவிட்டுப் போனது என்பதைச் சொல்ல யாராலும் முடியாது. நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டர் அது.

கொடுக்கும்போதே ஒரு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, இதுல வந்த ஹோம் சிங்கிள் லாங்குவேஜையே போட்டுக் கொடுங்க, ஆக்டிவேட்டர் எதுவும் வேண்டாம்." திரும்ப வாங்கும்போது முதல் கேள்வியில் சொன்ன எடிஷன் வரியையும் ஆக்டிவேஷன் பக்கத்தையும் அங்கேயே திறந்து பாருங்கள். விண்டோஸ் கொஞ்சமாவது ஓடுகிற நிலையில் இருந்தால் கடைக்கே போகத் தேவையில்லை. செட்டிங்ஸில் ரெக்கவரிக்குள் ரீசெட் திஸ் பிசி இருக்கிறது. அதில் கிளவுட் டவுன்லோடைத் தேர்ந்தெடுத்தால் அதே எடிஷனைப் புதிதாகப் போட்டுவிடும். முன்னதாக ஃபைல்களை வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐநூறு, அறுநூறு ரூபாய்க்கு ப்ரோ கீ விற்கிறார்களே, அது வேலை செய்கிறதே?

வேலை செய்யும், சில காலம். இப்படி விற்கப்படும் கீகளில் பல, பெரிய நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை. சில, தூக்கிப்போட்ட கம்ப்யூட்டர்களிலிருந்து எடுக்கப்பட்டவை. ஒரே கீ பல பேரிடம் விற்கப்பட்டது தெரிந்ததும் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கிவிடும். அப்போது விற்றவரைத் தேடினால் கிடைக்க மாட்டார். பெரிய நிறுவனங்கள் தங்கள் சர்வர் வழியாக ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் முறையில் ஆக்டிவேட் ஆனது என்றால் 180 நாளுக்குள் நிறுவனத்தின் சர்வரோடு பேசிப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உங்கள் வீட்டில் அந்த சர்வர் ஏது?

மைக்ரோசாஃப்டின் அமெரிக்க விலைப்பட்டியலில் ஹோம் 139 டாலர், ப்ரோ 199.99 டாலர், ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாற 99 டாலர். இந்த விலையோடு ஐநூறு ரூபாயை ஒப்பிட்டுப் பார்த்தாலே விஷயம் புரியும். அலுவலகத்துக்கு வாங்குவதாக இருந்தால் ஜிஎஸ்டி பில் தருவாரா என்று விற்பவரைக் கேளுங்கள்.

ஓஇஎம் லைசென்ஸ், ரீடெய்ல் லைசென்ஸ் என்ன வித்தியாசம்?

ஓஇஎம் என்பது கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வரும் லைசென்ஸ், அந்த மதர்போர்டோடு ஒட்டியது; கம்ப்யூட்டர் போனால் லைசென்ஸும் போனது. தனியாக வாங்கும் ரீடெய்ல் உங்களோடு வரும். பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும். கம்ப்யூட்டரைத் தனித்தனி பாகங்களாக வாங்கி அசெம்பிள் செய்கிறவர்கள் ரீடெய்ல் வாங்குவது நல்லது.

ஹோமிலிருந்து ப்ரோவுக்கு மாற மறுபடி ஃபார்மட் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஆக்டிவேஷன் பக்கத்திலேயே ஸ்டோர் வழியாக வாங்கலாம், இல்லை வாங்கிய கீயை அங்கே கொடுக்கலாம். சில நிமிடங்களில் ரீஸ்டார்ட் ஆகி ப்ரோவாக எழுந்துவிடும். ஃபைல்கள், மென்பொருட்கள் எல்லாம் அப்படியே இருக்கும். ப்ரோவுக்கான நிரல் ஏற்கெனவே உள்ளே இருப்பதால்தான் இவ்வளவு சீக்கிரம் முடிகிறது.

இதனால்தான் ஹோமோடு லேப்டாப் வாங்குங்கள் என்கிறேன். பிறகு தேவை வந்தால் ஏறிக்கொள்ளலாம். ப்ரோவிலிருந்து ஹோமுக்கு இறங்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத்தான் போட வேண்டும்.

மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் பயன்படுத்த ப்ரோ உதவுமா?

கொஞ்சம் உதவும். ஹோமை முதன்முதலாக அமைக்கும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கும். ப்ரோவில் வேலை அல்லது பள்ளிக்கு என்று தேர்ந்தெடுத்து, டொமைன் ஜாயின் இன்ஸ்டெட் என்பதை அழுத்தினால் லோக்கல் கணக்கு உருவாக்கலாம். ஹோமிலும் கணக்கோடு அமைத்து முடித்த பிறகு செட்டிங்ஸில் லோக்கல் கணக்குக்கு மாறிக்கொள்ள முடியும். மாறுவதற்கு முன் அந்த 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ் மோடு, எஸ்இ, 'என்' (N): இவையெல்லாம் என்ன?

எஸ் மோடு என்பது ஹோமிலேயே ஒரு பூட்டிய நிலை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருக்கும் ஆப்களை மட்டும்தான் போட முடியும். விலை குறைந்த லேப்டாப்களில் இப்படி வரும். டாலி, போட்டோஷாப் எதுவும் ஏறவில்லை என்று பயந்துவிடாதீர்கள். ஸ்டோரிலேயே இலவசமாக வெளியே வரலாம், திரும்பப் போக முடியாது.

எஸ்இ பள்ளிக்கூடங்களுக்கென்று 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. 2026 அக்டோபரோடு அதன் ஆதரவு முடிகிறது, அதனால் யாரும் இனி வாங்க வேண்டாம். 'என்' எடிஷன் ஐரோப்பாவின் கதை. 2004-இல் ஐரோப்பிய ஆணையம், விண்டோஸோடு மீடியா பிளேயரைச் சேர்த்து விற்பது போட்டிக்குத் தடை என்று தீர்ப்பளித்து, 49.7 கோடி யூரோ அபராதமும் போட்டது. அதற்குப் பிறகு மீடியா வசதிகள் இல்லாமல் வந்ததுதான் 'என்' எடிஷன். தவறுதலாக அதைப் போட்டுவிட்டு வீடியோ ஓடவில்லை என்றால், மீடியா ஃபீச்சர் பேக்கை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

எல்டிஎஸ்சிதான் இருப்பதிலேயே சிறந்தது, அதையே போடு என்கிறார்கள்...

எல்டிஎஸ்சி என்பது எண்டர்பிரைஸ் எடிஷனின் நீண்டகால ஆதரவு வடிவம். அதில் ஸ்டோர் இல்லை, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் விளம்பர ஆப்கள் இல்லை, ஆண்டுக்கொருமுறை புது வெர்ஷன் தொல்லை இல்லை. 2024 எல்டிஎஸ்சிக்கு 2029 வரை திருத்தங்கள் உண்டு. கருவிகளுக்குள் பொருத்துவதற்கான அதன் ஐஓடி வடிவத்துக்கு 2034 வரை. கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். எனக்கும் அந்தச் சுத்தம் பிடிக்கும். மைக்ரோசாஃப்ட் ஹோமிலேயே அப்படி ஒரு சுத்தமான விண்டோஸைத் தரலாம், தர வேண்டும்.

ஆனால் இது மருத்துவமனைக் கருவிகள், தொழிற்சாலை இயந்திரங்கள், ஏடிஎம் போன்று வருடக்கணக்கில் மாறாமல் நிற்க வேண்டியவற்றுக்காகச் செய்யப்பட்டது. தனி ஆள் ஒற்றை லைசென்ஸாக ஸ்டோரில் வாங்கும் பொருள் அல்ல. வீட்டில் போட்டிருப்பவர்களில் பலர் திருட்டுத்தனமாகத்தான் போட்டிருக்கிறார்கள். வேண்டாத ஆப்களை ஹோமிலேயே ஒவ்வொன்றாக நீக்கிவிட்டால் ஏறக்குறைய அதே நிம்மதி கிடைக்கும்.

எதற்காக இத்தனை எடிஷன்? முன்பும் இப்படித்தானா?

முன்பு இதைவிட மோசம். 2001-இல் எக்ஸ்பி வந்தபோது ஹோம், புரொஃபஷனல் என்று இரண்டுதான் பிரதானம். 2007-இல் விஸ்டா வந்தபோது ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக், ஹோம் பிரீமியம், பிசினஸ், எண்டர்பிரைஸ், அல்டிமேட் என்று ஆறு. எக்ஸ்பி ஸ்டார்ட்டரும் விஸ்டா ஸ்டார்ட்டரும் இந்தியா போன்ற நாடுகளுக்கென்றே செய்யப்பட்டவை. ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்களுக்கு மேல் திறக்க விடாது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் வால்பேப்பர்கூட மாற்ற முடியாது, ரேம் 2 ஜிபி வரைதான். விண்டோஸ் 7 ஹோம் பேசிக்கும் வளரும் நாடுகளில் மட்டும் விற்றது. கண்ணாடி போன்ற ஏரோ தோற்றம் அதில் முழுதாகக் கிடையாது. கம்ப்யூட்டரில் 16 ஜிபி போட்டிருந்தாலும் 8 ஜிபிதான் எடுத்துக்கொள்ளும்.

விஸ்டாவிலும் விண்டோஸ் 7-இலும் பெரும்பாலான எடிஷன்களின் நிரல் ஒரே டிஸ்க்கில்தான் இருந்தது. எது திறக்க வேண்டும், எது திறக்கக் கூடாது என்பதை கீ முடிவு செய்தது. வாங்கும் சக்தி குறைந்தவனுக்கு விலை குறைக்க வேண்டும், ஆனால் பணக்காரன் அதையே வாங்கிவிடக் கூடாது. அதனால் வேண்டுமென்றே முடமாக்கி விற்றார்கள். இது வியாபாரக் கணக்கு, தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. இன்றைக்கு வீட்டுப் பயனருக்கு ஹோமில் அடிப்படையான எதையும் மறைக்கவில்லை. அந்த அளவில் இது நல்ல முன்னேற்றம்தான். பென் டிரைவ் பூட்டும் வசதியையும் ஹோமுக்குக் கொடுத்துவிட்டால் எனக்கு இன்னும் சந்தோஷம்.

விண்டோஸ் 10 ஹோம் வைத்திருக்கிறேன். 11-க்குப் போனால் எந்த எடிஷன் கிடைக்கும்?

ஹோமுக்கு ஹோம், ப்ரோவுக்கு ப்ரோ. இலவசம். 64 பிட் பிராசஸர், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல். இந்த நிபந்தனைகள் ஹோமுக்கும் ப்ரோவுக்கும் ஒன்றேதான். ப்ரோ வாங்கினால் பழைய கம்ப்யூட்டரில் ஏறும் என்று யாராவது சொன்னால் அது பொய்.

விண்டோஸ் 10-இன் ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. மாற முடியாதவர்களுக்காக 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அதற்கும் ஹோம், ப்ரோ வித்தியாசம் இல்லை, 22எச்2 வெர்ஷனில் இருந்தால் போதும். அதற்கும் பிறகு அந்தக் கம்ப்யூட்டரை ஓட்ட வேண்டுமென்றால் லினக்ஸ் மின்ட், சுபுண்டு போன்றவற்றைப் பாருங்கள். இணையம், லிப்ரே ஆபிஸ், தமிழ் தட்டச்சு எல்லாம் அதில் நன்றாகவே வரும்.

ஐந்து கம்ப்யூட்டர் இருக்கும் சின்ன அலுவலகம். எத்தனை ப்ரோ வாங்குவது?

எல்லாவற்றுக்கும் வாங்கிவிடாதீர்கள். ஃபைல் பகிர்வதற்கும் பிரிண்டர் பகிர்வதற்கும் ஹோமே போதும். ஒரு கம்ப்யூட்டரோடு 20 சாதனங்கள் வரை இணைந்து பயன்படுத்த லைசென்ஸ் அனுமதிக்கிறது. டாலியைப் பல பேர் பயன்படுத்துவதற்கு டாலியின் பல்பயனர் லைசென்ஸ்தான் வேண்டும், விண்டோஸ் ப்ரோ அல்ல.

வெளியிலிருந்து ரிமோட்டில் நுழைய வேண்டிய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கும், அதற்கு ப்ரோ. வெளியே எடுத்துப் போகும் லேப்டாப்பில் வாடிக்கையாளர் விவரம் இருந்தால் அதற்கும் ப்ரோ. மற்ற மூன்றுக்கும் ஹோம், கூடவே மிச்சமாகும் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி, தினமும் சாயங்காலம் கடையை மூடும் முன் பேக்கப் எடுத்து, எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். ஆட்கள் பதினைந்து, இருபது என்று வளர்ந்து, ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனி அனுமதி, வேலையை விட்டுப் போனவரின் அணுகலை உடனே துண்டிப்பது என்றெல்லாம் தேவை வரும்போது எல்லாக் கம்ப்யூட்டரையும் ப்ரோவுக்கு மாற்றி டொமைனிலோ எண்ட்ராவிலோ சேர்த்துக்கொள்ளலாம். அப்போதும் ஃபார்மட் செய்யத் தேவை இருக்காது.